கூலி கொடுத்தவர் யார்?

விக்கிப்பீடியா என்னும் கூட்டுக் கலைக்களஞ்சியத்தை அறியாதார் நமது நேயர்களில் இலர். ஒரு மந்திரியின் பூர்வ சரித்திரமாயினும், ஒரு கம்பெனியின் வியாபார நடத்தையாயினும், ஒரு மருந்தின் குணாகுணமாயினும், அறிய விரும்புகிறவர் இன்று முதலில் நாடும் இடம் அதுவே. 2001-ம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி ஆங்கிலத்தில் தொடங்கப்பெற்ற அம்முயற்சி இன்று முந்நூற்றுக்கு மேற்பட்ட பாஷைகளில் நடைபெறுகிறது. தமிழில் 2003-ம் வருஷம் முதல் நடந்து வருகிறது. அது விளம்பரம் வாங்குவதில்லை, சந்தா கேட்பதில்லை, ஜனங்கள் மனமுவந்து அளிக்கும் நன்கொடையைக் கொண்டு நிற்கிறது. அதில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சம்பளமற்ற தொண்டர்கள். அறிவுலகத்தில் இத்துணைப் பெரிய பொதுச் சொத்து இதற்கு முன் இருந்ததில்லை என்று கூறினால் அது மிகையாகாது.

இப்பொதுச் சொத்தின் ஒரு மூலையில் நெடுநாளாக ஒரு களவு நடந்து வருகிறது. தொண்டர் கூட்டத்திற்குள் தொண்டர் வேஷம் பூண்டு நுழைந்து, கம்பெனிகளிடமும் பிரமுகர்களிடமும் பணம் பெற்றுக்கொண்டு, அவர்களுக்கு வேண்டியதை எழுதியும் வேண்டாததை அழித்தும் வருவோர் உளர். இவர்களைப் பற்றிய விதி என்ன, அவ்விதி போதுமா, போதாதெனில் செய்யத்தக்கது யாது என்பவற்றைக் குறித்து நமது அபிப்பிராயத்தைச் சொல்ல இன்று முற்படுகிறோம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறோம். எழுதிக் கூலி பெறுவது பாவம் என்று நாம் சொல்ல வரவில்லை. பேனாவைக் கொண்டு பிழைப்பவர்களாகிய நாம் அவ்விதம் சொல்லுவது நகைப்புக்கு இடமாகும். எழுதுகிறவர் ஒவ்வொருவரும் தம் பெற்றோர் இட்ட பெயரையும் வீட்டு விலாசத்தையும் வெளியிடவேண்டும் என்றும் நாம் கேட்கவில்லை. எழுதுகிறவர் தம் பெயரை மறைத்துக்கொள்ளலாம். அவருக்குக் கூலி கொடுக்கிறவரின் பெயரை மறைக்கலாகாது. இதுவே நமது கட்சி.

பழைய முறையில் கலைக்களஞ்சியம் செய்தவர்கள் தங்கள் பெயரைப் புஸ்தகத்தின் முகப்பிலே அச்சிட்டார்கள். ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராகப் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910-ம் வருஷத்தில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. அதில் பிழை கண்டவர் யாரைக் கேட்பது என்று திகைக்க வேண்டுவதில்லை. முதலியாரின் பெயரே அதற்கு ஜாமீன்.

விக்கிப்பீடியாவில் அத்தகைய முகப்புப் பெயர் கிடையாது. ஒரே கட்டுரையில் நூறு பேர் கை வைத்திருப்பர், பலர் புனைபெயருடையோர். பெயருக்குப் பதிலாக அங்கே மூன்று காவல்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. எந்தக் கணக்கிலிருந்து, எந்த நேரத்தில், எந்தச் சொல் மாற்றப்பட்டது என்பது கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகிறது. எழுதியதற்கு வெளி ஆதாரம் காட்டவேண்டும். அபிப்பிராய பேதம் நேர்ந்தால் உரையாடல் பக்கத்தில் வாதித்து முடிவு காணவேண்டும். இவை நல்ல காவல்களே. ஆயின், மூன்றும் ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கின்றன. வந்து பேசுகிறவர் ஒவ்வொருவரும் தமது சொந்தப் புத்திக்குப் பட்டதையே பேசுகிறார் என்பதே அந்நம்பிக்கை. ஐந்து பேர் ஒரு பக்கமாகப் பேசினால் ஐந்து மனம் ஒத்ததாக மற்றையோர் எண்ணுகின்றனர். அந்த ஐவரும் ஒரே முதலாளியின் கூலியாட்கள் என்றாலோ, ஒரே ஆள் ஐந்து பெயரில் வந்தவன் என்றாலோ, பஞ்சாயத்து அங்கேயே செத்துவிடுகிறது. வெளியே பார்ப்பவர்களுக்கோ அது உயிரோடிருப்பது போலவே தோன்றும்.

இது வீண் சந்தேகம் என்று எவரேனும் கூறுவாராயின், அவர்களுக்குக் கடந்த இருபது ஆண்டுச் சரித்திரத்தைக் காட்டுவோம்.

2006-ம் வருஷம் ஜனவரியில் அமெரிக்க ஜனப்பிரதிநிதி சபை அங்கத்தினரான மார்ட்டி மீஹன் என்பவருடைய காரியாலயத்தைப் பற்றிய செய்தி ஒன்று வெளியாயிற்று. அவரைப் பற்றிய விக்கிப்பீடியாக் கட்டுரையை அவருடைய சிப்பந்திகள் எடுத்துவிட்டு, தாங்களே எழுதிய ஜீவிய சரிதத்தை அங்கே வைத்திருந்தனர். இத்தனை தவணைக்கு மேல் பதவியில் இரேன் என்று அவர் முன்னர் கொடுத்த வாக்குறுதியைப் பற்றிய வாக்கியம் அதில் காணாமற் போயிருந்தது. சிப்பந்திகள் பொய் ஒன்றும் எழுதவில்லை. ஒரு மெய்யை எடுத்துவிட்டார்கள், அவ்வளவே. அவர்களுக்குச் சம்பளம் கொடுத்ததோ பொது ஜனங்களின் பொக்கிஷம்.

2007-ம் வருஷம் ஆகஸ்டில், பெயர் குறிப்பிடாமல் செய்யப்பட்ட திருத்தங்கள் எந்த ஸ்தாபனத்தின் கணினிகளிலிருந்து வந்தன என்று கண்டறியும் கருவி ஒன்றை விர்ஜில் கிரிபித் என்னும் அமெரிக்க மாணவர் வெளியிட்டார். அதைக்கொண்டு தேடியவர்களுக்குக் கிடைத்தவற்றுள் ஒன்று, வோட்டு இயந்திரம் செய்து விற்றுவந்த டைபோல்ட் கம்பெனியைப் பற்றியது. 2005-ம் வருஷம் நவம்பரில் அக்கம்பெனியின் கணினியிலிருந்து, அவ்வியந்திரங்களைக் குறித்த கண்டனங்கள் அடங்கிய 15 பாராக்கள் ஒரே வீச்சில் அழிக்கப்பட்டிருந்தன. குடியரசில் பிரஜைகளின் வோட்டை எண்ணும் இயந்திரத்தைப் பற்றிப் பிரஜைகள் என்ன படிக்கலாம் என்பதை அதை விற்கும் கம்பெனியின் கணினியே தீர்மானிக்கப் பார்த்தது. வேறு தொண்டர்கள் கண்டு அப்பாராக்களை மீட்டனர் என்பது அத்தொண்டர்களின் பெருமை.

அதன் பின்னர் இக்காரியம் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. லண்டனில் பேர்பெற்ற பெல் பாட்டிஞ்சர் என்னும் பிரசாரக் கம்பெனியார் தம் கட்சிக்காரர்களுக்காகக் கட்டுரைகளைத் திருத்தி வந்தமை 2011-ம் வருஷம் டிசம்பரில் பத்திரிகைகளால் வெளிப்பட்டது; சம்பந்தப்பட்ட கணக்குகள் நிறுத்தப்பட்டன. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து விக்கி-பிஆர் என்ற கம்பெனி இதையே முழுநேர வியாபாரமாக நடத்திற்று. 2013-ம் வருஷம் அக்டோபரில் அதனோடு தொடர்புடையனவாகச் சந்தேகிக்கப்பட்ட 250-க்கு மேற்பட்ட கணக்குகள் தடை செய்யப்பட்டன. அடுத்த மாதமே விக்கிமீடியா ஸ்தாபனத்தார் வக்கீல் நோட்டீஸ் விடுத்தனர்.

எல்லாவற்றிலும் கொடியது 2015-ம் வருஷம் ஆகஸ்டு இறுதியில் வெளிவந்த விவகாரம். சிறு வியாபாரிகளும் கலைஞர்களும் தங்களைப் பற்றி எழுதிச் சமர்ப்பித்த கட்டுரைகள் தகுதியில்லையென்று நிராகரிக்கப்படும்போது, ஒரு கூட்டத்தார் அவர்களைத் தேடிப் போய், “நாங்கள் அனுபவமுள்ள விக்கிப்பீடியர், பணம் தந்தால் உங்கள் கட்டுரையை வெளியிட்டுத் தருகிறோம்” என்றனர். கட்டுரை வெளியான பிறகு, அது நீக்கப்படாமல் காப்பதற்கென்று மாதந்தோறும் காசு கேட்டனர். இவ்விவகாரத்தில் 381 கணக்குகள் தடை செய்யப்பட்டன. 210 கட்டுரைகள் நீக்கப்பட்டன. பேட்டை ரவுடி கடைக்காரரிடம் வாங்கும் மாமூலுக்கும் இதற்கும் என்ன பேதம்? இரகசியக் கூலி முதலில் வாசகரை ஏமாற்றுகிறது. முடிவில் கூலி கொடுத்தவரையே கொள்ளையடிக்கிறது.

நமது தேசமும் இதற்குப் புறம்பானதன்று. ‘இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆப் பிளானிங் அண்ட் மானேஜ்மெண்ட்’ என்னும் கல்வி ஸ்தாபனத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரையை ஒருதலையாகத் திருத்தி வந்ததாகப் பல வருஷங்களாகக் குற்றஞ்சாட்டப்பட்டு வந்த ஒருவர், விக்கிப்பீடியாவில் நிர்வாகி அதிகாரமும் பெற்றிருந்தார். 2015-ம் வருஷம் பிப்ரவரியில் மத்தியஸ்தக் குழுவினர் விசாரித்து அவரைத் தடை செய்தனர். அவருக்குப் பணம் கைமாறியதாக நிரூபிக்கப்படவில்லை. ஆகையால் அப்படி மாறிற்று என்று நாமும் சொல்லோம். ஆனால், எந்தக் கல்லூரியில் சேரலாம் என்று தேடிய எத்தனை பிள்ளைகள் அக்கட்டுரையை நடுநிலையானது என்று நம்பிப் படித்திருப்பார்கள் என்பதை மட்டும் நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

இவற்றின் பயனாக, 2014-ம் வருஷம் ஜூன் மாதம் 16-ந் தேதி விக்கிமீடியா ஸ்தாபனத்தார் தமது உபயோக நிபந்தனைகளைத் திருத்தினர். பிரதிபலன் பெற்று எழுதுகிற எவரும் தமக்கு வேலை கொடுத்தவர் யார், யாருக்காக எழுதப்படுகிறது, வேறு சம்பந்தம் என்ன என்பவற்றை வெளியிடவேண்டும் என்பது விதி. தம் பயனர் பக்கத்திலோ, உரையாடல் பக்கத்திலோ, திருத்தத்தோடு எழுதும் சுருக்கக் குறிப்பிலோ வெளியிடலாம். கட்டுரைக்கு இவ்வளவு என்று பேசி வாங்குகிறவரை மட்டுமன்று, ஸ்தாபனத்தில் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதன் கட்டுரையைத் திருத்துகிற சிப்பந்தியையும் இவ்விதி கட்டும். அதே மாதத்தில் பெரிய பிரசாரக் கம்பெனிகள் பல ஒன்றுகூடி, விதிக்கு அடங்கி நடப்போம் என்று பகிரங்கமாக வாக்களித்தன. ஆனால் நாம் மேலே கூறிய மாமூல் விவகாரம் இவ்விதி பிறந்து ஓராண்டு கடந்த பின்னர் வெளிப்பட்டது என்பதை மறக்கலாகாது.

விதியின் நியாயத்தை விளக்க நாம் நியாயஸ்தலத்தையே உதாரணமாகக் காட்டுவோம். வக்கீல் கூலிக்குப் பேசுகிறவர். கட்சிக்காரருக்குச் சாதகமானதை எடுத்துச் சொல்லுவது அவர் கடமை. எதிரிக்குச் சாதகமான சாட்சியத்தை எதிர்க்கட்சி வக்கீல் சொல்லுவார். இதனால் அவரை எவரும் அயோக்கியர் என்பதில்லை. ஏன்? வாய் திறக்குமுன் அவர் வக்காலத்துத் தாக்கல் செய்கிறார். இன்னார் சார்பில் வந்திருக்கிறேன் என்று கோர்ட்டாருக்கும் எதிரிக்கும் தெரிவித்த பிறகே பேசுகிறார். கேட்கிற நீதிபதி அதற்குத் தக்கபடி தள்ளுபடி செய்துகொண்டு கேட்கிறார். அதே வக்கீல் வக்காலத்தைப் பையில் ஒளித்துக்கொண்டு, சம்பந்தமற்ற சாட்சியைப் போலக் கூண்டிலேறினால் அவர் பெயர் என்ன? நடுவராகவே ஆசனத்தில் அமர்ந்தால் அவர் பெயர் என்ன? பேச்சு ஒன்றாகவே இருக்கலாம். வாங்கிய கூலியும் ஒன்றாகவே இருக்கலாம். மறைத்தது ஒன்றே தொழிலைக் குற்றமாக்கிவிடுகிறது. விக்கிப்பீடியாவில் கூலிக்கு எழுதுகிறவரிடம் நாம் கேட்பது இந்த வக்காலத்து ஒன்றைத்தான்.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் கூறப்படுகின்றன. அவை அற்பமானவை அல்ல. ஆகையால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

“எழுதியது மெய்யாயிருந்தால் போதாதா? கூலி கொடுத்தவரைப் பற்றி வாசகருக்கு என்ன கவலை?” என்பது முதலாவது. மெய்யை எடுத்துவிட்டும் வஞ்சிக்கலாம் என்பதற்கு மீஹன் காரியாலயமும் டைபோல்ட் கணினியும் போதிய சாட்சி. ஒரு கட்டுரையில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் ஆதாரத்தோடு கூடியிருக்கலாம். எதைச் சொல்லுவது, எதை விடுவது, எதை முதலில் வைப்பது, எதைக் கடைசி வரியில் ஒடுக்குவது என்பதில் பாரபக்ஷம் முழுவதும் ஒளிந்துகொள்ளும். இல்லாத வாக்கியத்தை வாசகர் எப்படிச் சோதிப்பார்? இன்னாரின் கூலிக்கு எழுதப்பட்டது என்று தெரிந்தால், இங்கே எது விடப்பட்டிருக்கலாம் என்று அவரே தேடிப் போவார். அந்தத் தேடலுக்கு வழிவிடுவதே வெளியீட்டின் பயன்.

“புனைபெயருக்குள் இருப்பவரை வெளியே இழுத்தால் தொண்டர்களுக்கு ஆபத்து நேரும்” என்பது இரண்டாவது. இது நமது மனத்தை மிகவும் தொடுகின்ற ஆட்சேபம். அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு எழுதுவோரின் பெயர் எதற்குத் தேவைப்படும் என்பதைத் தமிழ்ப் பத்திரிகைகள் 1908-ம் வருஷத்திலேயே கற்றுக்கொண்டன. ‘இந்தியா’ பத்திரிகையின் எழுத்துக்குப் பாரதியார் பொறுப்பாயிருக்க, சர்க்கார் பதிவேட்டில் பெயர் இருந்த சீனிவாசன் சிறை புகுந்தார்; பாரதியார் புதுச்சேரிக்குப் போகவேண்டி வந்தது. நம் காலத்திலும், 2024-ம் வருஷத்தில் ஏ.என்.ஐ. என்னும் செய்தி ஸ்தாபனம் தன்னைப் பற்றிய கட்டுரை அவதூறானது என்று டில்லி ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது; கட்டுரையைத் திருத்தியவர்களின் விவரத்தை வெளியிடுமாறு அக்கோர்ட்டு உத்தரவிட்டது. பின்னர், அவர்களுக்குச் சம்மன் சேர்ப்பிக்கும் பொறுப்பை விக்கிமீடியா ஸ்தாபனமே ஏற்பதென்று ஏற்பாடாயிற்று. அவ்வழக்கைப் பற்றிய விக்கிப்பீடியாப் பக்கத்தையே நீக்கச் சொல்லிப் பிறந்த உத்தரவை 2025-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. அவ்வழக்கின் தன்மையில் நாம் புகவில்லை. சம்பளமின்றி எழுதும் தொண்டரின் பெயர் வெளிப்பட்டால், வழக்கென்றும் மிரட்டலென்றும் அவர் அலையவேண்டி வரும் என்பதை மட்டும் சுட்டுகிறோம். தொண்டரின் மறைவைக் காக்கவேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஆனால் அந்நியாயம் கூலி கொடுப்பவருக்கு எப்படிப் பொருந்தும்? மறைவு எளியவனுக்குக் கவசம். பணம் கொடுத்து ஆள் வைக்கிற கம்பெனிக்கு எந்தச் சிறை, எந்த மிரட்டல் காத்திருக்கிறது? எழுதுகிறவர் ‘மல்லிகை’ என்ற புனைபெயரிலேயே இருக்கட்டும். “இன்ன கம்பெனிக்காக, இன்ன பிரசார நிலையத்தாரிடம் கூலி பெற்று எழுதுகிறேன்” என்று மல்லிகை சொல்லிவிட்டால் போதும். அவர் யார், எங்கே வசிக்கிறார் என்பதை ஒருவரும் கேட்கத் தேவையில்லை. விக்கிமீடியா ஸ்தாபனத்தாரின் விதியும் அடிப்படையில் இதையே கேட்கிறது. இவ்விரண்டையும் குழப்பி, முதலாளியின் இரகசியத்தைத் தொண்டரின் பாதுகாப்புக்குப் பின்னால் ஒளித்து வைப்பவர்கள் தொண்டருக்கு நன்மை செய்யவில்லை. இரகசியக் கூலியாட்கள் பெருகப் பெருக, உண்மைத் தொண்டர்மேலும் சந்தேகம் விழுகிறது. அவரையும் வெளியே இழுக்கவேண்டும் என்ற கூக்குரலுக்கு அதுவே இடந்தருகிறது.

“வெளியே சொல்லுகிற யோக்கியருக்கே தண்டனை, சொல்லாத கள்ளருக்கு லாபம்” என்பது மூன்றாவது ஆட்சேபம். இதில் உண்மை உண்டு. கூலிக்கு எழுதுகிறேன் என்று ஒருவர் அறிவித்து, கட்டுரையில் தாமே கை வைக்காமல் உரையாடல் பக்கத்தில் விண்ணப்பம் வைத்தால், அது பல நாள் கேட்பாரற்றுக் கிடக்கிறது. தொண்டர்களுக்கு அவர்மேல் இளக்காரம். அறிவிக்காமல் புகுந்தவரோ ஒரே இரவில் காரியத்தை முடித்துப் போகிறார். இந்நிலையில், ஆண்டு விற்பனை தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று நியாயமாகவே முறையிட வருகிற கம்பெனியும் குறுக்கு வழியைத் தேடும். ஆகவே யோக்கியமான வழியைச் சுலபமாக்காமல் அயோக்கிய வழியை மட்டும் அடைப்பது பயன் தராது என்பதை ஒப்புக்கொள்கிறோம். இதற்குப் பரிகாரம் விதியை எடுத்துவிடுவதன்று. விண்ணப்பத்தைக் காலத்தில் விசாரிப்பதே.

கூலி இன்னாரிடமிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால் காரியம் எப்படி நடக்கும் என்பதற்குத் தமிழ் விக்கிப்பீடியாவிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2009-ம் வருஷத்தையொட்டி, கூகிள் கம்பெனியார் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் முதலிய பாஷைகளில் பெயர்த்து விக்கிப்பீடியாவில் சேர்த்தனர். பல பாஷைகளுக்குமாக 1 கோடியே 60 லட்சம் வார்த்தைகளுக்கு மேல் பெயர்த்திருப்பதாக 2010-ம் வருஷம் ஜூலையில் அக்கம்பெனியார் அறிவித்தனர். வந்த கட்டுரைகளின் தமிழ் நடை பல இடங்களில் கரடுமுரடாயிருந்தது. விஷயத் தேர்வும் தமிழ் வாசகருக்கு அத்தனை வேண்டியதாயில்லை. தமிழ்த் தொண்டர்கள் என்ன செய்தனர்? குறைகளை எடுத்துக்காட்டினர், கம்பெனியாரோடு பேசினர், எந்தக் கட்டுரை, எத்தகைய நடை, யார் திருத்துவது என்று வாதாடினர். அந்த ஆண்டு போலந்து தேசத்தில் கூடிய விக்கிமீடியா மகாநாட்டில் இந்த அனுபவத்தைத் தமிழர் ஒருவர் எடுத்துரைத்தார். கட்டுரைகள் சிறந்தனவா அல்லவா என்பது வேறு கேள்வி. முதலாளி யார் என்று தெரிந்திருந்தமையால் கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தது. பதில் சொல்ல ஒருவர் இருந்தார். முகமற்ற நூறு கணக்குகளாக அதே வேலை நடந்திருந்தால் யாரோடு பேசுவது?

இனி, சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். பணம் வாங்கிக்கொண்டு வெளியிடும் விஷயத்தை விளம்பரம் என்று குறிக்கவேண்டும் என்பது புதிய தத்துவமன்று. அமெரிக்காவில் சலுகைத் தபால் கட்டணத்தில் பத்திரிகை அனுப்புவோருக்கு 1912-ம் வருஷத்துச் சட்டமே அதை விதித்தது. மறு வருஷமே அத்தேசத்துச் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டம் செல்லும் என்றது. ஜெர்மனியில் மியூனிக் நகரத்து மேல்கோர்ட்டார் 2012-ம் வருஷத்தில், ஒரு வியாபாரி தன் சரக்குக்கு அநுகூலமாக விக்கிப்பீடியாக் கட்டுரையில் மறைவாக எழுதியதை மறைமுக விளம்பரம் என்றே தீர்த்தனர். நமது தேசத்தில் தேர்தல் துண்டுப் பிரசுரத்திலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் இருக்கவேண்டும் என்று ஜனப்பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு கூறுகிறது. விளம்பரத்தில் ஒரு சரக்கைப் புகழ்ந்து பேசுகிறவருக்கும் வியாபாரிக்கும் உள்ள சம்பந்தத்தை வெளியிடவேண்டும் என்று 2022-ம் வருஷத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு அதிகார சபையார் வழிகாட்டு விதிகள் செய்தனர். சுவரில் ஒட்டும் காகிதத்துக்கு உள்ள நியாயம், ஜனங்கள் பிரமாணமாக எடுத்துக்கொள்ளும் கலைக்களஞ்சியத்துக்கு ஏன் இருக்கலாகாது?

“பத்திரிகைக்காரர் இதைப் பேசலாமோ?” என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். 2009-ம் வருஷப் பொதுத் தேர்தலில் பணத்துக்குச் செய்தி விற்ற ஊழலைப் பற்றி இந்தியப் பத்திரிகைக் கவுன்ஸிலின் உபகுழு 2010-ம் வருஷத்தில் விரிவான அறிக்கை ஒன்று தயாரித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட பத்திரிகைகளின் பெயர்களோடு கூடிய அவ்வறிக்கையை ஒதுக்கிவிட்டு, பெயர்கள் இல்லாத சுருக்க அறிக்கையைக் கவுன்ஸில் வெளியிட்டது. முழு அறிக்கை வெளிவருவதற்கு 2011-ம் வருஷத்தில் மத்தியத் தகவல் கமிஷனின் உத்தரவு வேண்டியிருந்தது. செய்தியின் உடையில் விளம்பரம் நடமாடுவதைக் கண்டிக்கப் பிறந்த அறிக்கைக்கே பெயர்களை மறைக்கும் நோய் பற்றிக்கொண்டது. ஆகையால் இவ்விஷயத்தில் பத்திரிகைகள் விக்கிப்பீடியாவுக்கு உபதேசம் செய்யும் ஸ்தானத்தில் இல்லை. இருவருக்கும் ஒரே மருந்து என்றே சொல்லுகிறோம். விக்கிப்பீடியாவில் மாற்றிய ஒவ்வொரு எழுத்தையும் எவரும் பார்க்கலாம். எத்தனை பத்திரிகைகள் அவ்வளவு திறந்து வைத்திருக்கின்றன?

செய்யவேண்டுவன என்று நமக்குத் தோன்றுவனவற்றைச் சொல்லுகிறோம்.

முதலாவது, அறிவிப்பு வாசகரின் கண்ணில் படவேண்டும். இன்று அது பயனர் பக்கத்திலும் உரையாடல் பக்கத்திலும் திருத்தக் குறிப்பிலும் கிடக்கிறது. கட்டுரையைப் படித்துவிட்டுப் போகிற சாமானியர் அங்கெல்லாம் எட்டிப் பார்ப்பதில்லை. “இக்கட்டுரையின் இன்ன பகுதி இன்னாரிடம் கூலி பெற்றவரால் எழுதப்பட்டது” என்று கட்டுரையின் அடியிலேயே ஒரு வரி இருக்கவேண்டும். பத்திரிகையில் ‘விளம்பரம்’ என்ற சொல்லை விளம்பரத்தின் தலையிலே போடுகிறோம். காரியாலயத்து அலமாரியில் பூட்டி வைப்பதில்லை.

இரண்டாவது, கூலி பெறுகிறவர் கட்டுரையில் நேராகக் கை வைக்காமல் விண்ணப்பம் செய்யட்டும். அதை இத்தனை நாளுக்குள் விசாரித்து, காரணத்தோடு ஏற்பதோ மறுப்பதோ செய்யவேண்டும் என்று தொண்டர்கள் தமக்குள் ஒரு கெடு வைத்துக்கொள்ளட்டும். உண்மையைச் சொல்லி வந்தவரை இளப்பமாய் நடத்தாதிருப்பதும் இதில் சேர்ந்தது.

மூன்றாவது, பக்கத்தை நீக்கவும் கணக்கைத் தடுக்கவும் அதிகாரம் பெற்ற நிர்வாகிகள் எக்கட்டுரை விஷயத்திலும் வெளியாரிடம் கூலி வாங்கலாகாது. நடுவர் வக்காலத்துத் தாக்கல் செய்வதற்கு எந்த நியாயஸ்தலத்திலும் இடமில்லை.

நான்காவது, தண்டனை ஏவியவரையும் சேரவேண்டும். கணக்கைத் தடுத்தால் கூலியாள் மறுநாள் வேறு பெயரில் வருகிறான். அவனை அனுப்பிய கம்பெனிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அதன் பெயரைப் பகிரங்கப்படுத்துவதும், வியாபார விஷயமாயின் நேர்மையற்ற வியாபார முறை என்று அதன்மேல் சட்டப்படி நடவடிக்கை எடுப்பதும் அவசியம்.

கடைசியாக, நமது நேயர்களில் அரசியல் தொண்டு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று கட்சிகள் எல்லாவற்றிலும் சம்பளத்துக்குப் பிரசாரம் எழுதுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். தலைவரின் கட்டுரையில் பழைய வழக்கு ஒன்று இருக்கிறதே, எதிர்க்கட்சிக்காரரின் கட்டுரையில் அது இல்லையே என்ற ஆத்திரம் அவர்களுக்கு வருவது இயல்பு. நம் கட்சி நியாயமான கட்சி. ஆகையால் அதற்காக மறைவில் செய்வதும் நியாயம் என்று மனம் சமாதானம் சொல்லும். அந்தச் சமாதானத்தை நம்பவேண்டாம். எதிர்க்கட்சிக்காரரின் மனமும் அதையே அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இரு தரப்பாரும் இருட்டில் இறங்கினால், வெல்லப்போவது அதிகக் கூலியாட்களை வைக்கக்கூடிய பணக்காரக் கட்சியே. சம்பளத்துக்கு எழுதுகிறீர்களா? எழுதுங்கள், இன்ன கட்சியின் காரியாலயத்திலிருந்து எழுதுகிறேன் என்று முதல் வரியில் சொல்லிவிட்டு எழுதுங்கள். சொல்ல வெட்கமாயிருக்குமானால், அந்தத் திருத்தத்தைச் செய்யாதிருப்பதே நலம்.

விக்கிப்பீடியா ஊரார் கூடி வெட்டிய குளத்தைப் போன்றது. குடம் எடுத்து வருகிற எவரையும் “நீ யார்?” என்று கேட்பது அதன் வழக்கமன்று, அது அதன் அழகு. ஆனால் கரையில் நின்று தண்ணீரில் ஒன்றைக் கலக்கிறவனைப் பார்த்து, “உன்னை அனுப்பியது யார்?” என்று கேட்கக் குடிக்கிற ஒவ்வொருவருக்கும் பாத்தியதை உண்டு. அக்கேள்விக்குக் குளத்தங்கரையிலேயே, எல்லோருக்கும் தெரியும்படி, பதில் கிடைக்கச் செய்யவேண்டும் என்பதே நமது கோரிக்கை.